ஒரு அறைக்கு 51 முதலாளி: டைம்ஷேர் பிறந்து வளர்ந்த கதை

நம்ம கிராமங்கள்ல கூட்டுக் கிணறு பார்த்திருப்பீங்க. தாத்தா வெட்டின கிணறு ஒண்ணு, பங்காளிங்க நாலு பேரு. கிணத்தை நாலா அறுத்துக்க முடியுமா? முடியாது. அதனால கிணத்தை விட்டுட்டு நாளைப் பிரிச்சுக்குவாங்க. திங்கள், செவ்வாய் பெரியவர் மோட்டார் போடுவார், புதன், வியாழன் அடுத்தவர், இப்படியே போகும். இதுக்கு 'முறை'ன்னு பேரு. நிலத்தை விக்கும்போது பத்திரத்துலயே கிணத்துல நாலில் ஒரு பங்கும், முறை வச்சு இறைச்சுக்கற பாத்தியமும் சேர்த்து எழுதுவாங்க. கோயில் பூசையிலயும் இதே கதைதான். முறைக்காரர் மாறுவார், சாமி மாறாது.

பொருளைப் பிரிக்க முடியலைன்னா காலத்தைப் பிரி. இந்த யோசனையைக் கொண்டுபோய் மலைவாசஸ்தலத்து ஓட்டல் அறைக்கும் கடற்கரை ஃப்ளாட்டுக்கும் பொருத்தினா என்ன கிடைக்கும்? அதுதான் டைம்ஷேர். "சார், உங்க போன் நம்பர் லக்கி டிராவுல விழுந்திருக்கு, மேடத்தையும் கூட்டிட்டு வாங்க, கிஃப்ட் வாங்கிட்டுப் போங்க"ன்னு ஒரு குரல் கூப்பிடுமே, அதே டைம்ஷேர்தான் :-)

அந்தக் குரலுக்குப் பின்னாடி அறுபது வருஷ வரலாறு இருக்குங்க. சுவிட்சர்லாந்துல தொடங்கி, ஃப்ளோரிடா, ஸ்பெயின் வழியா நம்ம சென்னை வரைக்கும் வருது. நல்லவங்க, கெட்டவங்க, தங்கக் கொள்ளைக்காரங்கன்னு எல்லாரும் வர்றாங்க. வாங்க, ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்.

ஆல்ப்ஸ் மலையில் ஒரு கணக்கு

இரண்டாம் உலகப்போர் முடிஞ்சு ஐரோப்பா எழுந்து நின்ன காலம். சம்பளத்தோட லீவு கிடைக்குது, கையில கொஞ்சம் காசு புரளுது, கார் வந்தாச்சு. எல்லாருக்கும் மலையிலயோ கடலோரத்துலயோ ஒரு வீடு வேணும்னு ஆசை. ஆனா வருஷத்துல ரெண்டு வாரம் தங்கறதுக்கு ஒரு வீட்டை வாங்கி, மீதி ஐம்பது வாரம் பூட்டி வச்சு, வரியும் கட்டி, ஒட்டடையும் அடிக்கணுமா? நடுத்தர வர்க்கத்துக்குக் கட்டுப்படி ஆகாத விஷயம்.

1963-ல சுவிட்சர்லாந்துல ஹாப்பிமாக்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சாங்க. அவங்க கண்டுபிடிச்ச வழி ரொம்ப நேர்த்தியானது. வாடிக்கையாளர் எந்த அறையையும் வாங்க வேண்டாம். கம்பெனியோட பங்கை வாங்கணும், அவ்வளவுதான். அந்தப் பணத்துல கம்பெனி பல ஊர்கள்ல விடுமுறை வீடுகளை வாங்கும். பங்குதாரருக்கு வருஷா வருஷம் புள்ளிகள் கிடைக்கும், அதை வச்சு எந்த ஊர்ல வேணும்னாலும் தங்கிக்கலாம். அறுபது வருஷம் தாண்டியும் ஹாப்பிமாக் நடக்குது. இந்தப் புள்ளிக் கணக்கை நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க, முப்பது வருஷம் கழிச்சு அமெரிக்காவுல இது வேற வேஷம் கட்டிக்கிட்டு வரும்.

அதே அறுபதுகள்ல பிரான்ஸ் பக்கத்து ஆல்ப்ஸ்ல சூப்பர்தெவொலுய்னு ஒரு பனிச்சறுக்கு ஊர் உருவாச்சு. அங்கே கட்டடம் கட்டினவங்க வேற மாதிரி யோசிச்சாங்க. பனிச்சறுக்கு சீசன்ல ஓட்டல்ல இடமே கிடைக்காது, அடுத்த வருஷம் வாடகை இன்னும் ஏறும். எதுக்கு வருஷா வருஷம் வாடகை குடுக்கறீங்க, உங்களுக்கு வேண்டிய வாரத்துக்கு மட்டும் அந்த அறைக்கு முதலாளி ஆகிடுங்களேன்னு விளம்பரம் பண்ணாங்க. 'மல்ட்டிப்ரொப்ரியெத்தே'ன்னு அதுக்குப் பேரு, அதாவது பலர் உடைமை.

ஆக, தொடக்கத்துலயே ரெண்டு கிளை. ஒண்ணுல கம்பெனியில பங்கு, இன்னொண்ணுல குறிப்பிட்ட அறையில குறிப்பிட்ட வாரம். இன்னிக்கு வரைக்கும் உலகத்துல இருக்கற எல்லா டைம்ஷேரும் இந்த ரெண்டுல ஒண்ணோட பேரன் பேத்திதான்.

ஃப்ளோரிடாவில் விக்காத வீடுகள்

அமெரிக்காவுல இது பரவினதுக்குக் காரணம் ஆசை இல்லீங்க, கஷ்டம். எழுபதுகளோட தொடக்கத்துல ஃப்ளோரிடா கடற்கரை முழுக்க அடுக்குமாடிக் குடியிருப்புகளைக் கட்டித் தள்ளினாங்க. 1973-ல அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை போட்டதும் பெட்ரோல் விலை எகிறிச்சு, பொருளாதாரம் படுத்துச்சு, வட்டி ஏறிச்சு. கட்டின ஃப்ளாட்டை வாங்க ஆள் இல்லை. கடன் குடுத்த வங்கி கழுத்தைப் பிடிக்குது. என்ன பண்றது?

ஐரோப்பாக்காரன் பண்ணதைப் பண்ணுவோம்னு சில பேர் இறங்கினாங்க. முழு ஃப்ளாட்டை வாங்கத்தான் ஆள் இல்லை, ஒரு வாரத்தை வாங்க ஆள் இருப்பான் இல்லையா? கணக்கைப் பாருங்க. இது புரியறதுக்காக நானே போடற உதாரணக் கணக்கு: ஒரு ஃப்ளாட் 50,000 டாலர்னு வச்சுக்குவோம். வருஷத்துக்கு 52 வாரம். ஒரு வாரத்தைப் பெயிண்ட் அடிக்க, குழாய் மாத்தன்னு ஒதுக்கி வச்சுட்டா மீதி 51. வாரம் ஒண்ணு 3,000 டாலர்னு வித்தா 1,53,000 டாலர். முழுசா 50,000-க்குப் போகாத சரக்கு, துண்டு போட்டதும் மூணு மடங்கு!

அந்த மூணு மடங்கும் கட்டினவன் பாக்கெட்டுக்குப் போகலை, அதுதான் விசேஷம். ஒரு ஃப்ளாட்டை விக்க ஒரு ஆளைப் பிடிச்சாப் போதும். வாரமா விக்கணும்னா 51 ஆளைப் பிடிக்கணும். அதுக்கு விளம்பரம், இலவச டின்னர், பரிசு, விற்பனையாளர் கமிஷன்னு பெரும் பங்கு போயிடும். அதாவது, வாங்கறவர் குடுக்கற காசுல கணிசமான பகுதி அவரைக் கூட்டிட்டு வந்து உட்கார வச்ச செலவு! அறையோட மதிப்புல அது சேராது. வாங்கின மறுநாளே விக்கப் போனா பாதி விலை கூடக் கிடைக்காத ரகசியம் இதுதான். புது கார் ஷோரூம் விட்டு இறங்கினதும் விலை குறையறதைவிட மோசம்.

இதுல இன்னொரு சின்ன வேடிக்கை. வாரங்களுக்கு 1 முதல் 52 வரை நம்பர் குடுத்திருப்பாங்க. நம்பர் 52 வாங்கினா கிறிஸ்துமஸ், புத்தாண்டு பக்கம் வரும், செம டிமாண்ட். ஆனா 52 ஏழு 364 தானே, வருஷத்துக்கு 365 நாள் இல்லையா? மிச்ச நாளெல்லாம் சேர்ந்து அஞ்சாறு வருஷத்துக்கு ஒரு தடவை 53-ஆம் வாரம்னு ஒண்ணு முளைக்கும். அது யாருக்குச் சொந்தம்னு பத்திரத்துல தனியா எழுதி வைப்பாங்க. நம்ம பஞ்சாங்கத்துல அதிக மாசம் வர்ற மாதிரி!

பண்டமாற்று வந்தது

வாரம் வாங்கியாச்சு. முதல் வருஷம் ஃப்ளோரிடா கடற்கரை ஆஹா. ரெண்டாம் வருஷம் சரி. அஞ்சாம் வருஷமும் அதே அறை, அதே ஜன்னல், அதே கடல்னா? வீட்டுல பிள்ளைங்க முறைக்க ஆரம்பிச்சுடும்.

இந்தச் சலிப்புக்கு மருந்து கண்டுபிடிச்சவங்க ஜான் டிஹான், கிறிஸ்டல் டிஹான் தம்பதி. 1974-ல இண்டியானா மாநிலத்து இண்டியானாபொலிஸ்ல ஆர்.சி.ஐ. கம்பெனியைத் தொடங்கினாங்க. என் வாரத்தை நான் பொதுக் கிட்டங்கியில போடறேன், நீ உன் வாரத்தைப் போடு, எனக்குப் பிடிச்சதை நான் எடுத்துக்கறேன், உனக்குப் பிடிச்சதை நீ எடுத்துக்கோ. நடுவுல இருக்கற ஆர்.சி.ஐ.-க்கு உறுப்பினர் சந்தா, மாத்தறதுக்கு ஒரு கட்டணம். 1976-ல போட்டியா இண்டர்வெல் இண்டர்நேஷனல்னு இன்னொரு கம்பெனியும் வந்துச்சு.

பண்டமாற்றுன்னா எடை போடணுமே. பொங்கலுக்கு முந்தின நாள் கரும்புக்கும் பொங்கல் முடிஞ்ச மறுநாள் கரும்புக்கும் ஒரே விலையா? அதனால வாரங்களுக்கு வண்ணம் பூசினாங்க. கூட்டம் அலைமோதற வாரம் சிவப்பு, நடுத்தரம் வெள்ளை, ஈ ஓட்டற வாரம் நீலம். நீல வாரத்தை வச்சிருக்கறவர் சிவப்பு வாரம் கேட்டா சுலபமாக் கிடைக்காது. விக்கும்போது "உலகத்துல எங்க வேணா தங்கலாம் சார்"னு சொல்ற வாக்கியத்துக்குள்ள ஒளிஞ்சிருக்கற நிபந்தனை இதுதான்.

கிறிஸ்டல் டிஹான் பத்தி ரெண்டு வரி. 1942-ல ஜெர்மனியில நோர்ட்லிங்கன்ல பிறந்தவர். விவாகரத்துக்கு அப்புறம் கணவரோட பங்கையும் வாங்கித் தனியா கம்பெனியை நடத்தினார். 1996-ல அதை எச்.எஃப்.எஸ். கம்பெனிக்கு வித்துட்டு, 1998-ல கிறிஸ்டல் ஹவுஸ்னு ஏழைக் குழந்தைகளுக்கான பள்ளிகளைத் தொடங்கினார். பெங்களூர்லயும் ஒரு பள்ளி இருக்கு. 2020-ல காலமானார். அமெரிக்கக் குடும்பங்களோட விடுமுறை வாரத்தை மாத்திக் குடுத்து வந்த காசுல பெங்களூர்க் குழந்தைங்க படிக்கறாங்க. காசோட பயணத்தை யார் கண்டா.

டெனெரிஃப்பில் நடந்த கூத்து

எண்பதுகள்ல டைம்ஷேருக்குக் கெட்ட பேர் வாங்கிக் குடுத்த இடம் ஸ்பெயின். முக்கியமா கேனரி தீவுகள்ல இருக்கற டெனெரிஃப். வெயிலுக்கு ஏங்கி வர்ற இங்கிலீஷ்காரங்களைக் கடற்கரையிலயே மடக்கி, சுரண்டல் சீட்டு குடுத்து, "உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கு"ன்னு டாக்ஸியில ஏத்தி, மணிக்கணக்கா உட்கார வச்சு, கையெழுத்து வாங்கற கூட்டம் பெருகிச்சு.

இதுல பெரிய தலை ஜான் பாமர். 1983-ல லண்டன் ஹீத்ரோ விமான நிலையம் பக்கத்துல பிரிங்க்ஸ்-மாட் கிடங்குல நடந்த தங்கக் கொள்ளை ரொம்பப் பிரபலம். அந்தத் தங்கத்தைக் கையாண்டதா இவர் மேல வழக்கு வந்து, 1987-ல விடுதலை ஆனவர். பத்திரிகைகள் 'கோல்ட்ஃபிங்கர்'னு பேரே வச்சுட்டாங்க. டெனெரிஃப்ல டைம்ஷேர் மோசடி பண்ணதா 2001-ல லண்டன் நீதிமன்றம் இவருக்கு 8 வருஷம் தண்டனை குடுத்துச்சு. ஏமாந்தவங்க ஆயிரக்கணக்குல, பெரும்பாலும் வயசானவங்க. "உங்க பழைய வாரத்தை நாங்களே நல்ல விலைக்கு வித்துத் தர்றோம், இப்போ புதுசா ஒண்ணு வாங்குங்க"ன்னு சொல்லி வித்தாங்க. பழசு விக்கவே இல்லை. ரெண்டுமே தலையில நின்னுச்சு. 2015-ல பாமரை அவரோட வீட்டுத் தோட்டத்துலயே யாரோ சுட்டுக் கொன்னுட்டாங்க.

சட்டங்கள் இந்த மாதிரி ஆளுங்க பின்னாடி மூச்சிரைக்க ஓடி வந்துச்சு. ஃப்ளோரிடா 1981-லயே டைம்ஷேருக்குத் தனிச் சட்டம் போட்டுச்சு. பிரிட்டன் 1992-ல போட்டுச்சு. கையெழுத்துப் போட்டாலும் 14 நாளுக்குள்ள மனசு மாறிக்கலாம்னு உரிமை குடுத்துச்சு. 1994-ல ஐரோப்பிய ஒன்றியம் எல்லா உறுப்பு நாட்டுக்கும் குறைஞ்சது 10 நாள்னு விதிச்சு, அந்த 10 நாளும் முன்பணம்னு ஒரு பைசா வாங்கக்கூடாதுன்னும் சொல்லிச்சு. 2008-ல அதையே 14 நாளா ஏத்தி, வாரத்தை மாத்தித் தர்ற கம்பெனி, மறுவிற்பனைத் தரகர்னு எல்லாரையும் உள்ளே இழுத்துச்சு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது 1998-ல ஸ்பெயின் போட்ட சட்டம். 'பலர் உடைமை'ங்கற சொல்லையே விளம்பரத்துல பயன்படுத்தக்கூடாதுன்னுட்டாங்க. ஏன்னா அந்தச் சொல்லே வாங்கறவரை முதலாளின்னு நம்ப வைக்குது. பதிலுக்கு அந்தச் சட்டம் வச்ச பேரை அப்படியே தமிழ்ப்படுத்தினா 'முறை வைத்துப் பயன்படுத்தும் உரிமை'ன்னு வரும். நம்ம கிணத்துப் பாத்தியத்துக்கு நாம வச்ச அதே சொல்! கூடவே, இந்த உரிமை 3 வருஷத்துக்குக் குறையவும் கூடாது, 50 வருஷத்துக்கு மேலயும் கூடாதுன்னு எல்லை கட்டினாங்க.

கம்பெனிகள் அந்த எல்லையைச் சட்டை பண்ணாம 'எந்நாளைக்கும்'னு ஒப்பந்தம் வித்துக்கிட்டே இருந்தாங்க. கிராண்ட் கனாரியா தீவுல ஆன்ஃபி ரிசார்ட்ல வாங்கின நார்வே நாட்டுப் பெண்மணி ஒருத்தர் வழக்கு போட்டு, 2015 ஜனவரியில ஸ்பெயின் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், அந்த மாதிரி ஒப்பந்தம் செல்லாதுன்னு தீர்ப்பு வாங்கினார். அதுக்கப்புறம் ஆயிரக்கணக்குல வழக்குகள் வரிசை கட்டிச்சு.

மிக்கி மவுஸ் உள்ளே வந்தார்

அமெரிக்காவுல இந்தத் தொழிலுக்கு மரியாதை வாங்கிக் குடுத்தது பெரிய ஓட்டல் கம்பெனிகள். 1984-ல மாரியட் இறங்கிச்சு. 1991-ல டிஸ்னி வெகேஷன் கிளப், 1992-ல ஹில்டன். தெரிஞ்ச பேர் போர்டுல இருந்ததும் ஜனங்களுக்கு நம்பிக்கை வந்துச்சு.

டிஸ்னி குறிப்பிட்ட வாரம்னு விக்காம புள்ளியா வித்துச்சு. வருஷத்துக்கு இத்தனை புள்ளி. கோடை விடுமுறை, பெரிய அறைன்னா நிறைய புள்ளி செலவாகும். சீசன் இல்லாத நாள், சின்ன அறைன்னா கம்மி. வாரக் கணக்குல மாட்டிக்காம மூணு நாள், நாலு நாள்னு பிச்சுப் பிச்சு எடுத்துக்கலாம். 1963-ல ஹாப்பிமாக் போட்ட அதே விதை! இன்னொரு நல்ல விஷயம், டிஸ்னியோட முதல் ரிசார்ட்டுக்கு முடிவு தேதி அப்பவே எழுதியிருந்தாங்க: 2042 ஜனவரி 31. அன்னிக்கு உரிமை முடிஞ்சுடும்னு ஒப்பந்தம். யார் தலையிலயும் எந்நாளைக்கும் தொங்காது.

புள்ளியில ஒரு சிக்கலும் இருக்கு. வாரம்னா ஏழு நாள், அதை யாரும் ஆறாக்க முடியாது. புள்ளிக்கு மதிப்பு நிர்ணயிக்கறது கம்பெனி. நாளைக்கு 'இந்த அறைக்கு இனிமே இத்தனை புள்ளி'ன்னு அட்டவணையை மாத்த இடம் இருக்கான்னு ஒப்பந்தத்துல தேடிப் பார்க்கணும்.

சென்னைக்கு வந்த கதை

இந்தியாவுல டைம்ஷேர்னா அதுக்குத் தலைநகரம் சென்னைதாங்க. 1986-ல இங்கேதான் ஸ்டெர்லிங் ஹாலிடே ரிசார்ட்ஸ் பிறந்துச்சு. கொடைக்கானல், ஊட்டின்னு நம்ம மலைகள்லதான் கடையை விரிச்சாங்க. தனியா பங்களா வாங்க முடியாத, அதே சமயம் லீவுக்கு ஊட்டி போய்த்தான் ஆகணும்கற நடுத்தரக் குடும்பம்தான் இலக்கு. அறுபதுகள்ல ஆல்ப்ஸ்ல இருந்த அதே ஏக்கம், இருபத்தஞ்சு வருஷம் தாமதமா பழனி மலைக்கு வந்துச்சு. தொண்ணூறுகளோட கடைசியில கம்பெனி நிதி நெருக்கடியில சிக்கி, புது முதலீட்டாளர்கள் கைக்குப் போய், 2014-ல தாமஸ் குக் இந்தியா அதை வாங்கறதா ஒப்பந்தம் போட்டுச்சு. அந்த தாமஸ் குக் இந்தியாவுக்குப் பின்னாடி இருக்கறது கனடாவோட ஃபேர்ஃபாக்ஸ். அதோட தலைவர் பிரேம் வத்சா சென்னை ஐ.ஐ.டி.யில படிச்சவர். சுத்திச் சுத்தி சென்னைக்கே வருது பாருங்க :-)

1996-ல மஹிந்திரா ஹாலிடேஸ். கிளப் மஹிந்திராங்கற பேர்ல மூணாறுல முதல் ரிசார்ட். இவங்களும் பல வருஷம் சென்னையில இருந்துதான் நடத்தினாங்க. 25 வருஷ உறுப்பினர் திட்டம், வருஷத்துக்கு 7 நாள், ஊதா, சிவப்பு, வெள்ளை, நீலம்னு நாலு வண்ண சீசன். வண்ணம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு உங்களுக்கு இப்போ தெரியும். 2009-ல பங்குச் சந்தைக்கு வந்தாங்க. பின்னாடி ஃபின்லாந்து நாட்டு ஹாலிடே கிளப்பையே வாங்கிட்டாங்க. ஐரோப்பா பெத்த பிள்ளை ஆசியாவுல வளர்ந்து ஐரோப்பாவையே வாங்குது!

இந்திய ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஹாப்பிமாக் கிளையைச் சேர்ந்தவை. அறையில உங்களுக்குப் பட்டா கிடையாது, குறிப்பிட்ட காலத்துக்குத் தங்கற உரிமை மட்டும்தான். 'சொத்து'ன்னு யாராவது சொன்னா ஒரு நிமிஷம் நிறுத்தி, சார்பதிவாளர் அலுவலகத்துல பதிவு உண்டான்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. முகம் மாறும்.

இந்தத் தொழிலோட நாடித்துடிப்பு தெரியணும்னா கணக்குப் புத்தகத்துல ஒரு இடத்தைப் பார்க்கணும். உறுப்பினர் ஒருத்தர் சேர்ந்ததும் கட்டற பெரிய தொகையில 60 சதவீதத்தைச் சேர்ந்த உடனேயே வருமானம்னு எழுதி, மீதியைத்தான் 25 வருஷத்துக்குப் பரப்பிக்கிட்டு இருந்துச்சு மஹிந்திரா ஹாலிடேஸ். அப்போ நடைமுறையில இருந்த கணக்கியல் விதிப்படி அது சரிதான். 2018 ஏப்ரல்ல புதுக் கணக்கியல் விதி வந்ததும், முழுத் தொகையையும் உறுப்பினர் காலம் முழுக்கப் பரப்பி எழுதணும்னு ஆச்சு. சேவை 25 வருஷத்துக்கு, அதனால வருமானமும் 25 வருஷத்துக்கு. இதை எதுக்குச் சொல்றேன்னா, புது ஆளைச் சேர்த்துக்கிட்டே இருக்கணும்கற அவசரம் இந்தத் தொழிலுக்கு எங்கேர்ந்து வருதுன்னு புரியணும். முதல் நாள்லயே பெரும் பணம் வருது. அந்த ஆளுக்கு அறை குடுக்கற கடமை கால் நூற்றாண்டு நீளுது.

விற்பனைக் கூட்டத்துக்கு நானும் ஒரு தடவை போயிருக்கேன். கம்பெனி பேர் வேண்டாம். புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரும் வந்தே ஆகணும்னு கண்டிப்பு. ஏன்னா தனியா வந்தா "வீட்டுல கேட்டுச் சொல்றேன்"னு தப்பிச்சுடுவோமாம்! சத்தமா பாட்டு, பக்கத்து மேசையில யாரோ கையெழுத்துப் போட்டதும் எல்லாரும் கைதட்டல், "இந்த விலை இன்னிக்கு மட்டும்தான் மேடம்"னு ஒரு சிரிப்பு. ஒப்பந்த நகல் குடுங்க, வீட்டுல உட்கார்ந்து படிச்சுட்டு வர்றோம்னு கேட்டோம். கூட்டம் முடியற வரைக்கும் நகல் கைக்கு வரவே இல்லை. பரிசா ஒரு ஃபிளாஸ்க் வந்துச்சு. அது இன்னும் ஒழுகாம இருக்கு.

டைம்ஷேர் வேஷம் போட்ட வேற ஆட்டமும் இங்கே நடந்துச்சு. பான்கார்டு கிளப்ஸ்னு மும்பைக் கம்பெனி ஒண்ணு 'அறை இரவுகள்' வித்தது. தங்கினா தங்குங்க, தங்கலைன்னா சில வருஷம் கழிச்சுப் பணமா, கூடுதலா திருப்பித் தர்றோம்னாங்க. தங்கறதுக்காக வாங்கினவங்களைவிட, டெபாசிட் மாதிரி நினைச்சுப் போட்டவங்கதான் அதிகம். 2014-ல செபி தலையிட்டு, இது பதிவு செய்யாத கூட்டு முதலீட்டுத் திட்டம்னு சொல்லி நிறுத்தும்போது, சுமார் 50 லட்சம் பேர்கிட்ட 7,000 கோடி ரூபாய் திரட்டியிருந்தாங்க. கொல்கத்தா ரோஸ் வேலி கம்பெனியோட ஹாலிடே மெம்பர்ஷிப் திட்டத்தையும் செபி இதே காரணத்துக்காக 2013-ல நிறுத்திச்சு. அறையில தங்கற உரிமையை விக்கறது வேற, அறையைக் காட்டி வட்டிக்குப் பணம் வாங்கறது வேற. முன்னதுல அதிகபட்சம் விலை கூடுதலாக் குடுத்திருப்போம். பின்னதுல முதலே போயிடும்.

பராமரிப்புக் கட்டணம் என்னும் பூதம்

வாங்கற விலையைப் பத்தித்தான் எல்லாரும் பேரம் பேசுவாங்க. உண்மையான விஷயம் வருடாந்திரக் கட்டணம். அமெரிக்காவுல இப்போ இது சராசரியா வருஷத்துக்கு 1,000 டாலருக்கு மேல. தங்கினாலும் கட்டணும், தங்காட்டாலும் கட்டணும். 2020-ல கொரோனாவுல ஊரே அடைஞ்சு கிடந்தப்போ கூட பல இடங்கள்ல இது நிக்கலை.

ஒரு சின்னக் கணக்கு. இந்த வருஷம் 15,000 ரூபாய்னு வச்சுக்குவோம். வருஷம் 5 சதவீதம் ஏறினா 25 வருஷம் கழிச்சு 50,000 ரூபாயைத் தொட்டுடும். இருபத்தஞ்சு வருஷத்துல மொத்தமா ஏழு லட்சத்துக்கு மேல கட்டியிருப்போம். சேரும்போது குடுத்த தொகை தனி. "இன்னிக்கு விலையில 25 வருஷ லீவை வாங்கிப் போடுங்க"ன்னு சொல்றவங்க இந்த ஏழு லட்சத்தைச் சொல்றதில்லை.

வேண்டாம்னா வித்துடலாமே? அமெரிக்காவுல பத்தாயிரக்கணக்கான டாலர் குடுத்து வாங்கின வாரத்தை ஒரே ஒரு டாலருக்கு ஈபேல விக்கப் போடறாங்க, அதுக்கும் ஆள் வர்றதில்லை. ஓசியில குடுத்தாலும் வாங்கறவர் தலையில வருடாந்திரக் கட்டணம் ஏறுமே! எந்நாளைக்கும்னு எழுதின பத்திரமா இருந்தா அப்பா அம்மா காலத்துக்கப்புறம் பிள்ளைங்களைத் தேடி வரும். அமெரிக்காவுல வாரிசு முறைப்படி மறுத்து எழுதிக் குடுக்க வழி இருக்கு. தெரியாதவங்க கட்டிக்கிட்டே இருக்காங்க.

இந்தத் தவிப்பை மோப்பம் பிடிச்சு அடுத்த கூட்டம் வருது. "உங்க டைம்ஷேருக்கு ஆள் ரெடி, வரி மட்டும் முன்கூட்டிக் கட்டுங்க"ன்னு போன். மெக்சிகோவுல புவெர்த்தோ வயார்த்தா பக்கம் இந்த மோசடியைப் போதைமருந்துக் கும்பலே நடத்துதுன்னு சொல்லி, 2023-லேர்ந்து அமெரிக்க அரசு அந்தக் கம்பெனிகள் மேல தடை போட்டுக்கிட்டு வருது. 2019 முதல் 2023 வரைக்கும் சுமார் 6,000 அமெரிக்கர்கள் ஏறக்குறைய 30 கோடி டாலர் இதுல இழந்ததா எஃப்.பி.ஐ. கணக்கு. ஒரு தடவை வாங்கி மாட்டினவங்க, விக்கப் போய் இன்னொரு தடவை மாட்டினாங்க.

கிணறும் ரிசார்ட்டும்

அப்போ காலத்தைப் பிரிச்சுக்கற யோசனையே தப்பா? எனக்கு அப்படித் தோணலை. கூட்டுக் கிணறு தலைமுறை தலைமுறையா ஓடுதே. அங்கே தண்ணி இறைக்கறவங்களேதான் முதலாளி, அவங்களேதான் தூர் வார்றவங்க. மோட்டார் ரிப்பேர்னா நாலு பேரும் கயித்துக் கட்டில்ல உட்கார்ந்து சண்டை போட்டுக்கிட்டாவது ஆளுக்கு இவ்வளவுன்னு பிரிச்சுக்குவாங்க. செலவை முடிவு பண்றவனும் செலவு பண்றவனும் ஒரே ஆள். கூடவே, கிணத்துப் பங்கு நிலத்தோட ஒட்டினது. நிலத்தை வித்தா அதுவும் சேர்ந்து போயிடும். யாரும் தண்ணி இல்லாத பங்கை மட்டும் தலையில சுமந்துக்கிட்டு அலைய வேண்டியதில்லை.

டைம்ஷேர்ல இந்த மூணும் பிரிஞ்சு போச்சு. தங்கறது நீங்க. கட்டணம் எவ்வளவுன்னு முடிவு பண்றது கம்பெனி. வெளியே போற கதவுக்குச் சாவி யார்கிட்டயும் இல்லை. ஒழுங்கா நடக்கற கம்பெனி, முடிவு தேதி உள்ள ஒப்பந்தம், வருஷா வருஷம் தவறாம லீவு போடற குடும்பம்னு எல்லாம் அமைஞ்சு, சந்தோஷமா பயன்படுத்தறவங்க நிறைய பேர் இருக்காங்க. அதையும் சொல்லணும். பள்ளிக்கூட லீவு அட்டவணையைக் கையில வச்சுக்கிட்டு, மாசக்கணக்கா முன்னாடியே அறை பதிவு பண்ணிடற ஒழுங்கு இருக்கறவங்களுக்கு இது ஒத்து வரும். "திடீர்னு தோணுச்சு, கிளம்பிட்டோம்" கட்சிக்கு ஒத்து வராது.

இந்தியாவுல டைம்ஷேருக்குன்னு தனிச் சட்டம் இல்லை. ஃப்ளோரிடாவுல, ஐரோப்பாவுல இருக்கற மாதிரி டைம்ஷேருக்குன்னே சட்டம் குடுத்த மனமாற்ற நாட்கள் இங்கே கிடையாது. கம்பெனி ஒப்பந்தத்துல எத்தனை நாள் எழுதியிருக்கோ அத்தனை நாள்தான். மத்தபடி 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் நுகர்வோர் ஆணையமும்தான் துணை. அதனால கேள்விகளை நாமதான் கேட்டுக்கணும். எத்தனை வருஷம்? முடிவு தேதி எங்கே எழுதியிருக்கு? வருடாந்திரக் கட்டணம் எவ்வளவு ஏத்தலாம், உச்சவரம்பு உண்டா? மே மாசம் ஊட்டியில அறை கேட்டா எத்தனை மாசம் முன்னாடி கேக்கணும்? நடுவுல விலகினா எவ்வளவு திரும்பி வரும்? எத்தனை நாளுக்குள்ள சொன்னா முழுசா வரும்? வாயால சொன்ன பதில் எதுவும் கணக்குல வராது, காகிதத்துல இருக்கறது மட்டும்தான்.

கடைசியா ஒண்ணு. வீட்டுல பெரியவங்க யாராவது பத்து, இருபது வருஷத்துக்கு முன்னாடி இப்படி ஏதாவது வாங்கிப் பெட்டியில வச்சிருக்கலாம். பேங்க் பாஸ்புக், எல்.ஐ.சி. பத்திரத்தோட அந்த உறுப்பினர் அட்டையும் கிடக்கும். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது எடுத்துப் பாருங்க. இன்னும் எத்தனை வருஷம் பாக்கி, கட்டணம் கட்டியாச்சா, தங்காத நாட்கள் சேர்ந்திருக்கான்னு விசாரிங்க. சேர்ந்திருந்தா அப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கிட்டு ஒரு வாரம் கொடைக்கானல் போயிட்டு வாங்க. அவங்க வாங்கினது அந்த ஒரு வாரத்துக்குத்தான்.